அடிவயிற்றிலிருந்து இருதயம் வரை

ஒக்கூரிலாகட்டும், அதைச் சூழ்ந்துள்ள செட்டிநாட்டு ஊர்கள் எதிலாகட்டும், நாற்பது வயதைத் தாண்டிய ஸ்திரீகள் நாலு பேர் கலியாண வீட்டின் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால், பிள்ளைகளின் படிப்பு, மருமகளின் சமையல், சர்க்கரை வியாதி என்ற வரிசையில் எப்படியும் கர்ப்பப்பைக் கட்டியும் வந்து சேர்ந்துவிடும். ஒருத்திக்கு ஸ்கேனில் கட்டி தெரிந்தது. இன்னொருத்திக்கு மாதவிடாயில் உதிரம் நிற்காமல் போய் இரத்தம் ஏற்றும்படி ஆயிற்று. மூன்றாமவளுக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். கேட்கிறவர்கள் யாரும் திடுக்கிடுவதில்லை. திடுக்கிட வேண்டிய அவசியமும் அநேகமாக இல்லை. அமெரிக்க ஸ்திரீகளை அல்ட்ராசவுண்ட் மூலம் பரிசோதித்து 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஐம்பது வயது நிரம்புவதற்குள் வெள்ளையரில் நூற்றுக்கு 70 பேரளவுக்கும், கறுப்பினத்தாரில் 80 பேருக்கு மேலும் இக்கட்டி தோன்றிவிடுகிறது என்று கணித்தது. இவ்வளவு சர்வசாதாரணமான ஒன்றைக் குறித்து ஊரார் நிதானமாகப் பேசுவதில் குற்றம் காண முடியாது.

வைத்தியர்கள் ஃபைப்ராய்டு என்றும், தமிழில் எழுதுகிறவர்கள் நார்த்திசுக் கட்டி என்றும் குறிப்பிடும் இது, சினைப்பையில் வரும் நீர்க்கட்டி அன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறவர்கள் படித்தவர்களிலும் ஏராளம். கர்ப்பப்பைச் சுவரின் நடு அடுக்கு தடித்த தசையாலானது. நம் இச்சைக்குக் கட்டுப்படாமல், பிரசவ வேளையில் தானே சுருங்கிச் சுருங்கிக் குழந்தையை வெளியே தள்ளுகிற அந்தத் தசையின் ஒரே ஓர் உயிரணு, ஏதோ ஒரு காரணத்தால் தன் வரம்பை மறந்து பெருகத் தொடங்கும்போது, அதன் சந்ததியெல்லாம் ஒன்றுதிரண்டு கெட்டியான ஓர் உருண்டையாகிறது. பட்டாணி அளவில் நிற்பதும் உண்டு. நிறைமாதக் கர்ப்பம் போல் வயிற்றை நிறைப்பதும் உண்டு. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் என்னும் ஹார்மோன்களே அதற்குப் போஷணையாதலால், மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலான கட்டிகள் சுருங்கிவிடுகின்றன. புற்றுநோய் அன்று, புற்றுநோயாக மாறுவதும் மிக மிக அபூர்வம்.

இவ்வளவு சாதுவான இந்தக் கட்டி, லட்சக்கணக்கானோரில் யாரோ ஒருத்தியிடம் மட்டும், தான் பிறந்த தசைச் சுவரை விட்டு அதனருகே ஓடும் சிரைக்குள் தலையை நீட்டுகிறது; நீட்டிய தலை இரத்தம் ஓடும் திசையிலேயே வளர்ந்து வளர்ந்து, மாதக் கணக்கிலோ வருஷக் கணக்கிலோ ஏறத்தாழ ஒரு முழ தூரத்தைக் கடந்து, இருதயத்தின் வலது மேலறைக்குள் போய் நிற்கிறது. சிரைக்குள் புகும் இந்த வியாதியில் பத்துப் பேருக்கு ஒருவர் முதல் மூவர் வரை இருதயம் பாதிக்கப்படுகிறது என்று நூல்கள் சொல்கின்றன. உலகமெங்கும் இதுவரை அச்சேறிய விருத்தாந்தங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் சில நூறுகளுக்குள் அடங்கிவிடும் இந்த அபூர்வ வியாதிக்கு ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்குவானேன் என்று கேட்கலாம். சரீரத்தை இருதயம் என்றும் கர்ப்பப்பை என்றும் கூறுபோட்டு, கூறுக்கொரு டாக்டரை நியமித்து, அவர்களைத் தனித்தனி மாடிகளில் உட்கார வைத்துவிட்ட நம் காலத்து வைத்தியத்துக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வேறு கிடையாது என்பதுதான் என் பதில்.

கட்டி போகும் பாதையை முதலில் பார்ப்போம். கர்ப்பப்பையிலிருந்து அசுத்த இரத்தம் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கர்ப்பப்பைச் சிரை வழியாக இடுப்புக்குழியின் உட்சிரைக்குப் போய், அங்கிருந்து கீழ்ப்பெருஞ்சிரையை அடைவது. மற்றொன்று, சினைப்பைச் சிரை வழியாக ஏறுவது; அதிலும் வலது பக்கத்துச் சிரை நேரே கீழ்ப்பெருஞ்சிரையில் கலக்க, இடது பக்கத்துச் சிரையோ முதலில் இடது சிறுநீரகச் சிரையில் கலந்து, அதன் வழியே பெருஞ்சிரையை அடைகிறது. இந்தச் சுற்று வழியை ரண சிகிச்சை செய்கிறவர் ஒரு கணமும் மறக்கலாகாது. முதுகெலும்பின் வலப்புறமாக ஏறி, கல்லீரலின் பின்புறத்தை உரசிக்கொண்டு, உதரவிதானத்தைத் துளைத்து, இருதயத்தின் வலது மேலறையில் திறக்கிறது பெருஞ்சிரை. கால்களின் சிரைகளில் இரத்தம் கீழே வழியாதபடி தடுக்கும் வால்வுகள் பல உண்டு. பெருஞ்சிரையிலோ அப்படி ஒன்றும் இல்லை. இருதய வாசலில் இருக்கும் ஒரு மெல்லிய இதழும் கருவிலிருந்த காலத்து மிச்சமேயன்றி எதையும் தடுத்து நிறுத்தும் சக்தி உடையதன்று. ஆகவே சிரைக்குள் ஒருமுறை புகுந்துவிட்ட கட்டிக்கு மேலே போக யாதொரு தடையும் இல்லை. சிறுநீரகப் புற்றும் கல்லீரல் புற்றும் இதே மார்க்கமாக இருதயத்தை எட்டுவது வைத்தியர்கள் அறிந்த விஷயந்தான். ஆனால் அவை கொடியவை, போகிற இடமெல்லாம் சுவரை அரித்துக்கொண்டு போகிறவை. நமது கட்டி அப்படிச் செய்வதில்லை.

வெளியே எடுத்துத் தட்டில் வைத்த கட்டியைப் பார்த்தால் அதன் குணம் விளங்கும். வெளிறிய சாம்பல் கலந்த வெண்மை நிறம், வழவழப்பான மேற்பரப்பு, விரலால் அழுத்தினால் ரப்பரைப் போல் நெகிழ்ந்து மீளும் தன்மை. நீண்டு உருண்ட உடல், வந்த சிரையின் வளைவுகளையெல்லாம் அப்படியே அச்செடுத்தாற்போல் வளைந்தும், கிளைச் சிரைகள் சேரும் இடங்களில் குட்டையான கிளைகள் விட்டும், இருதயத்துக்குள் இருந்த முனையில் மட்டும் பருத்தும் காணப்படும். இரத்தக் குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் அதே மெல்லிய சவ்வு கட்டியையும் போர்த்தியிருப்பதால்தான், அதைச் சுற்றி இரத்தம் உறையாமல் நெடுநாள் ஓடிக்கொண்டிருக்கிறது. மெல்லிய சீவலாக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், இரு முனையும் மழுங்கிய நீள உட்கருக்களைக் கொண்ட தசை உயிரணுக்கள் கற்றை கற்றையாக ஓடுவது தெரியும். அவற்றில் பிளந்து பெருகிக்கொண்டிருப்பவை மிகச் சொற்பம். கர்ப்பப்பையில் கிடக்கும் சாதாரணக் கட்டிக்கும் இதற்கும் நோய்க்குறியியல் நிபுணர் சொல்லக்கூடிய பேதம் அநேகமாக ஒன்றுதான்: இது சிரைக்குள் இருக்கிறது. உயிரைக் கொல்வதும் அதன் ஸ்வபாவம் அன்று; அது இருக்கும் இடம்.

1896-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து நோய்க்குறியியல் பேராசிரியர் பிர்ஷ்-ஹிர்ஷ்ஃபெல்ட் இந்த வியாதியை முதன்முதலில் விவரித்தார். 1907-ல் ஹெர்மன் டுயர்க் என்பவர் கட்டி இருதயம் வரை ஏறிப்போயிருந்த ஒரு விருத்தாந்தத்தை எழுதி வைத்தார். மலேரியா மூளையைத் தாக்கும்போது உண்டாகும் நுண்ணிய கணுக்களுக்குத் தம் பெயரை விட்டுச் சென்றவரும் இவரே. அந்தக் காலத்தில் இதெல்லாம் இறந்த பின் சரீரத்தை அறுத்துப் பார்த்து அறிந்துகொண்ட விஷயங்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கிடையே ஒரு விவாதமும் கிளம்பிற்று. கட்டி சிரையின் சுவரிலேயே பிறக்கிறது என்றார் 1903-ல் க்னாவர். கர்ப்பப்பைக் கட்டிதான் சிரைக்குள் துளைத்துக்கொண்டு போகிறது என்றார் 1911-ல் ஸிட்ஸன்ஃப்ரை. 1975-ல் நாரிஸ், பார்ம்லி என்ற இரு அமெரிக்கர்கள் பதினான்கு நோயாளிகளின் திசுக்களை வைத்துக்கொண்டு நிதானமாக ஆராய்ந்தபோது இரண்டு கட்சிக்கும் சாட்சியம் கிடைத்தது. இப்போது உயிரணுவுக்குள் பன்னிரண்டாம், பதினான்காம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைச் சில நோயாளிகளிடம் கண்டிருக்கிறார்கள். சாதாரண ஃபைப்ராய்டுகள் சிலவற்றிலும் இதே மாற்றம் உண்டாகையால், கர்ப்பப்பைக் கட்சியின் தராசு சற்றுத் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லலாம். ஆயினும், கோடிக்கணக்கான ஃபைப்ராய்டுகளில் இந்த ஒன்று மட்டும் சிரைக்குள் நுழைவானேன் என்ற கேள்விக்கு விடை வந்தபாடில்லை.

நோயாளியின் அனுபவத்துக்கு வருவோம். சிரைக்குள் கட்டி ஏறிக்கொண்டிருக்கும் காலமெல்லாம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வலது மேலறைக்குள் அதன் தலை நுழைந்து, கீழறைக்குச் செல்லும் மூவிதழ் வால்வின் வாயை அடைக்கத் தொடங்கியதும்தான் தொல்லைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. வயிறு உப்பி நீர் கோக்கிறது. கழுத்துச் சிரைகள் புடைத்து நிற்கின்றன. குனிந்து நிமிரும்போதோ படுக்கையிலிருந்து எழும்போதோ கண் இருண்டு விழுவதும் உண்டு. கட்டியின் தலை ஒரு கணம் வால்வை முழுவதும் அடைத்துவிட, நுரையீரலுக்கு இரத்தமே போகாமல் நிற்கும் கணம் அது. அந்தக் கணம் நீடித்தால் மரணம்.

நேற்றுத்தான் கணவனைப் போரில் பறிகொடுத்தவள், இன்று தன் ஒரே மகனைத் தலைவாரி வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்பும் காட்சியைப் புறநானூற்றில் பாடிய மாசாத்தியாரின் பெயரோடு சேர்ந்து விளங்கும் ஊர் ஒக்கூர். அந்தப் பழைய வைராக்கியம் இன்றைக்கும் இப்பகுதிப் பெண்களிடம் வேறு உருவத்தில் இருந்து வருகிறது: சரீர உபாதையை யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொள்வது. மூச்சு வாங்கினால் வயதாகிவிட்டது என்பார்கள். கால் வீங்கினால் வாதநீர் என்பார்கள். கண் இருண்டால் பட்டினி கிடந்ததால் என்று தேற்றிக்கொள்வார்கள். போர்க்களத்து வைராக்கியத்தை நான் வணங்குகிறேன். இந்த வைராக்கியத்தை அப்படி வணங்க என்னால் முடியவில்லை.

ஒருவழியாக அவளைச் சிவகங்கைக்கோ மதுரைக்கோ அழைத்துப்போய் எக்கோ எடுத்தால், வலது மேலறையில் ஏதோ ஒரு பொருள் ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வின் வழியே கீழே இறங்கி ஏறி ஆடிக்கொண்டிருப்பது திரையில் தெரிகிறது. இங்கேதான் தவறான ஊகங்கள் பிறக்கின்றன. இருதயத்துக்குள் தோன்றும் சாதாரணக் கட்டியான மிக்ஸோமா என்று எண்ணி, நெஞ்சைத் திறக்க நாள் குறிக்கிறார்கள். அல்லது உறைந்த இரத்தக் கட்டி என்று எண்ணி, இரத்தத்தை இளக்கும் மருந்துகளை வாரக்கணக்கில் கொடுத்து, கட்டி கரையவில்லையே என்று வியக்கிறார்கள். மிக்ஸோமா பெரும்பாலும் இடது மேலறையில், அறைகளைப் பிரிக்கும் சுவரிலிருந்து ஒரு காம்பில் தொங்குவது. நம்முடைய கட்டிக்கோ அறைச் சுவரில் காம்பே கிடையாது. எக்கோ பார்க்கிறவர் கருவியை விலாவிடுக்கிலிருந்து எடுத்து, நெஞ்சுக்குழிக்குக் கீழே வைத்து, மேல்நோக்கிச் சாய்த்து அழுத்தினால் போதும். கல்லீரலினூடே பெருஞ்சிரை நீளவாட்டில் தெரியும், அதற்குள் கட்டியின் உடலும் தெரியும். அரை நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் நெஞ்சைத் திறந்த சிலர், இழுக்க இழுக்கப் பெருஞ்சிரைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும் ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு, மேஜையருகே திகைத்து நின்ற விருத்தாந்தங்கள் வைத்தியப் பத்திரிகைகளில் உண்டு.

கருவியைக்காட்டிலும் எளிய ஒரு தடயமும் இருக்கிறது. இந்த வியாதிக்காரர்களில் பலர் முன்பே ஃபைப்ராய்டுக்காகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள். ஆனால் அந்தச் செய்தி இருதய டாக்டரின் காதுக்கு எட்டுவது எப்படி?

‘ஆச்சி, இதற்கு முன்னால் ஆபரேஷன் ஏதாவது உண்டா?’

‘ஒன்றும் இல்லை தம்பி.’

‘ஒன்றுமே இல்லையா?’

‘கர்ப்பப்பையை எடுத்தார்கள்; அது ஆச்சு, எத்தனையோ வருஷம். வேறே ஒன்றும் இல்லை.’

இரண்டாவது கேள்வியைக் கேட்கும் பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. கர்ப்பப்பை நீக்கம் நம் நாட்டில் ஆபரேஷன் கணக்கிலேயே சேராத அளவுக்குச் சகஜமாகிவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்குச் சற்று அதிகமானோர் கர்ப்பப்பையை இழந்தவர்கள். ஆந்திரத்தில் அது ஒன்பதை ஒட்டிய எண்ணிக்கை. இவர்களில் யாருக்கோ வெட்டிய சிரையின் அடித்தண்டில் ஒரு துணுக்கு தங்கியிருந்து, சினைப்பைகள் இருக்கும் வரை ஹார்மோனை உண்டு மெல்ல மேலேறியிருக்கலாம். அன்று எடுத்த உறுப்பைச் சோதித்த பயாப்ஸி அறிக்கையில், சிரைக்குள் கட்டி தென்பட்டது என்று ஒரு வரி இருந்திருக்கவும் கூடும். அந்தக் காகிதமோ பீரோவில் பத்திரப் பையோடு பத்திரமாகக் கிடக்கும். யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

இனி சிகிச்சை. இருதயத்தின் வேலையை யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு அதற்குள் கையை விடும் வித்தை மனிதனுக்குக் கைவந்தது 1953-ம் வருஷம் மே மாதம், ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் தாம் அமைத்த இருதய-நுரையீரல் யந்திரத்தைக் கொண்டு ஓர் இளம் பெண்ணின் இருதயத் துவாரத்தை அடைத்தபோது. அதற்குப் பின் இருபது வருஷம் கழித்தே, 1974-ல், மாண்டல்பாம் முதலான அமெரிக்க டாக்டர்கள் மூவிதழ் வால்வை அடைத்துக்கொண்டிருந்த இத்தகைய கட்டியை உயிருள்ள நோயாளியிடமிருந்து அகற்றிய செய்தியை வெளியிட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய இரண்டு வித்தைகளும் ஒரே இடத்தில் சேர்ந்து வளர்ந்தது நினைத்துப் பார்க்கத்தக்கது. இராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த அய்டா ஸ்கட்டர், ஆண் வைத்தியர் தொடலாகாது என்ற ஆசாரத்தினால் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டு மனமுடைந்து, அமெரிக்கா சென்று வைத்தியம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கிய ஸ்திரீ வைத்தியம் 1902-ல் ஆஸ்பத்திரியாயிற்று. 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியும் ஆயிற்று. அதே ஸ்தாபனத்தில்தான் 1940-களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்கர் நெஞ்சு ரண சிகிச்சைக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அங்கேயே, 1960-களின் முற்பகுதியில், டாக்டர் ந. கோபிநாத் இருதயத்தைத் திறந்து செய்யும் சிகிச்சையை இந்தியாவில் வெற்றியோடு செய்துகாட்டிய முன்னோடிகளில் ஒருவரானார். 1960-ல் கொடைக்கானலில் காலமான அய்டா அம்மையார் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கர்ப்பப்பையைத் தொடுவதற்குப் பெண் டாக்டர் இல்லாமல் உயிர்கள் போன ஒரு நாட்டில், ஒரே ஆயுட்காலத்துக்குள் இருதயத்தையும் தொட முடிந்தது.

ஆபரேஷன் நாளன்று மேஜையைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே வியாதியின் விஸ்தாரம் புரிந்துவிடும்: இருதய ரண சிகிச்சை நிபுணர், மகப்பேற்று நிபுணர், இரத்தக்குழாய் நிபுணர், யந்திரத்தை இயக்குகிறவர், மயக்க மருந்து நிபுணர், சில வேளை கல்லீரலை ஒதுக்கித் தர இன்னொருவர். முதல் கண்டம் மயக்கம் கொடுக்கும்போதே நேர்கிறது. மருந்தினால் இரத்த அழுத்தம் தாழும் கணத்தில் கட்டியின் தலை வால்வில் சொருகிக்கொண்டால், கத்தி வைக்கு முன்பே நோயாளி போய்விடலாம். ஆகையால் மயக்க மருந்து நிபுணர் உணவுக்குழாய்க்குள் ஓர் எக்கோ கருவியை இறக்கி, இருதயத்தின் பின்புறத்திலிருந்து கட்டியின் தலையை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நெஞ்செலும்பு நடுவே பிளக்கப்படுகிறது. வயிறும் மேலிருந்து கீழ்வரை திறக்கப்படுகிறது. யந்திரத்துக்கு இரத்தத்தைத் திருப்ப, சாதாரண இருதய ஆபரேஷனில் மேல், கீழ்ப் பெருஞ்சிரைகள் இரண்டிலும் குழாய் செருகுவார்கள். இங்கே கீழ்ப்பெருஞ்சிரை முழுவதும் கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறதே! குழாயைச் செருகினால் கட்டி முறிந்து, துணுக்கு நுரையீரலுக்குப் போகும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்கச் சிலர் கையாளும் உபாயம் துணிச்சலானது. யந்திரத்தின் மூலம் இரத்தத்தைக் குளிரவைத்து, சரீரத்தின் உஷ்ணத்தை 37 டிகிரியிலிருந்து 18 டிகிரி அளவுக்கு இறக்கி, பிறகு யந்திரத்தையே நிறுத்திவிடுகிறார்கள். சாதாரண உஷ்ணத்தில் நாலைந்து நிமிஷம் இரத்தம் போகாவிட்டால் மூளை நாசமாகும். 18 டிகிரியிலோ அரை மணி நேரம் வரை அது பொறுத்துக்கொள்கிறது. அந்த அரை மணிக்குள் இருதயமும் துடிக்காமல், இரத்தமும் ஓடாமல், சிரைகள் வெறுமையாகக் கிடக்கும் சரீரத்தில் வேலை முடிந்தாக வேண்டும்.

வலது மேலறை திறக்கப்படுகிறது. கட்டியின் பருத்த தலை கண்ணெதிரே கிடக்கிறது. அறையின் சுவரில் பெரும்பாலும் அது ஒட்டியிருப்பதே இல்லை. எந்தத் திசையில் இழுப்பது என்பதே இப்போது எழும் கேள்வி. தலை பருத்து உடல் மெலிந்திருந்தால் மேலிருந்து இழுக்க வேண்டும். கீழே இழுத்தால் உதரவிதானத்தின் துவாரத்தில் சிக்கும். அடிப்பாகம் பருத்திருந்தாலோ, இருதயத்துக்குள் தலையை வெட்டி எடுத்துவிட்டு, சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே பெருஞ்சிரையைக் கீறி, மிஞ்சிய உடலை அந்த வழியே உருவ வேண்டும். எங்கேனும் ஓரிடத்தில் சிரைச் சுவரோடு ஒட்டியிருந்தால், இழுத்த இழுப்பில் பெருஞ்சிரை கிழியும். வயிற்றிலிருப்பவர் மெல்லத் தளர்த்த, நெஞ்சிலிருப்பவர் மெல்ல இழுக்க, இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே செய்கிறார்கள். ஒட்டாத கட்டியாயின், மழுங்கிய கிளைகளோடு முழுதாக வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அதற்குச் சில நிமிஷங்களே பிடிக்கின்றன. கட்டி மெலிந்ததாகவும் எங்கும் ஒட்டாததாகவும் இருக்கும்போது, நெஞ்சைத் திறவாமலே வயிற்றின் வழியாக முழுவதையும் கீழே உருவி எடுத்தவர்களும் உண்டு.

பத்திரிகைக்காரர்கள் எழுதுவது இந்தச் சில நிமிஷங்களைத்தான். ஆனால் இந்த ஆபரேஷனில் கடினமான பாகம் இருதயம் அன்று. மணிக்கணக்கில் நேரத்தை விழுங்குவதும், நோயாளியின் வருங்காலத்தை நிர்ணயிப்பதும் இடுப்புக்குழியில் நடக்கும் வேலையே. கர்ப்பப்பையையும் இரு சினைப்பைகளையும் குழல்களோடு எடுத்து, கட்டி நுழைந்திருக்கும் ஒவ்வொரு சிரையையும் தேடித் திறந்து, சிறுநீர்க் குழாய்களுக்கும் குடலுக்கும் காயம் வராமல் அடிவேர் வரை துப்புரவாக்குவது பொறுமையின் உச்சம். காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் சுண்ணாம்புச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வருஷந்தோறும் வெட்டிவிட்டு வருகிறவர்கள் அறிவார்கள், சுவரிடுக்கில் வேர் இருக்கும் வரை அடுத்த மழைக்கு அது துளிர்க்கும் என்று. இருதயத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு இடுப்புக்குழியில் அடித்தண்டை விட்டுவைப்பது அப்படிப்பட்ட வேலைதான். முழுவதும் எடுக்கப்படாத நோயாளிகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கட்டி மறுபடி வருகிறது என்பது நூல்களின் கணக்கு.

இரண்டு வேலையையும் ஒரே நாளில் முடிப்பதா, இரண்டு தவணையாகச் செய்வதா என்பதில் நிபுணர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. யந்திரத்துக்காக இரத்தம் உறையாதபடி ஹெப்பரின் கொடுத்திருக்கும் நிலையில், புதிதாக அறுத்த இடுப்புக்குழி முழுவதும் இரத்தம் கசியும். நோயாளி தளர்ந்தவளாக இருந்தால் அத்தனை நீண்ட ஆபரேஷனைத் தாங்கமாட்டாள். ஆகவே முதலில் இருதயத்தைக் காப்பாற்றி, சில வாரங்கள் தேறவிட்டு, பிறகு வயிற்றைத் திறக்கலாம் என்பது ஒரு கட்சி. இடைக்காலத்தில் மிச்சத் தண்டு மறுபடி வளரலாம். துணுக்கு பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அதைவிட முக்கியமாக, மூச்சு முட்டல் தீர்ந்த நோயாளி இரண்டாம் தவணைக்கு வராமலே இருந்துவிடலாம் என்பது மறு கட்சி. தாங்கக்கூடிய சரீரமாயின் ஒரே நாளில் முடிப்பதே நலம் என்பது என் அபிப்பிராயம். கடைசியாகச் சொன்ன காரணத்தை வெளிநாட்டு நூல்கள் அதிகம் பொருட்படுத்துவதில்லை. ஒக்கூரிலிருந்து சென்னைக்கு ஒருமுறை போய்வரும் குடும்பத்தின் செலவையும் சிரமத்தையும் அறிந்தவர்கள் அதைத்தான் முதலில் வைப்பார்கள்.

நாற்பதை எட்டாத பெண்ணாயின் சினைப்பைகளை எடுப்பது பற்றி இன்னொரு தர்மசங்கடம் எழுகிறது. எடுத்தால் மாதவிடாய் நின்றவர்களுக்குரிய எலும்புத் தேய்மானமும், உடம்பு எரிச்சலும், தூக்கமின்மையும் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னதாகவே வந்து சேரும். எடுக்காவிட்டால், சிரையில் எங்கோ மிஞ்சிய துணுக்குக்கு மாதந்தவறாமல் போஷணை கிடைத்துக்கொண்டிருக்கும். கட்டி இருதயம் வரை ஏறிவிட்ட பிறகு எடுத்துவிடுவதே வழக்கம். டாக்டர்களே முடிவு செய்து கையெழுத்து வாங்காமல், அந்தப் பெண்ணிடமே நேரில் விளக்கிச் சொல்லவேண்டிய விஷயம் இது. துணுக்கு மிஞ்சியது நிச்சயமானால், ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே தடுக்கும் லெட்ரோஸோல், அனஸ்ட்ரோஸோல் போன்ற மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். லியுப்ரோலைடு ஊசியும் உண்டு. மார்பகப் புற்றுக்குப் பயன்படும் டாமாக்ஸிஃபென் மாத்திரையை ஒரு காலத்தில் இதற்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அது மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பகையாகவும் கர்ப்பப்பைத் திசுவில் ஈஸ்ட்ரோஜனைப் போலவும் நடந்துகொள்ளும் இரட்டைக் குணமுடையதாகையால், அதன்மேல் இருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது.

முழுவதும் எடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நலமாக வாழ்கிறார்கள். ஆனால் பல வருஷங்களுக்குப் பிறகும் கட்டி திரும்பிய விருத்தாந்தங்கள் இருப்பதால், முதலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பின்னர் வருஷத்துக்கு ஒருமுறையும் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். 2012 முதல் சிவகங்கையிலேயே அரசாங்க வைத்தியக் கல்லூரி இருப்பதால், இதற்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் பெரிய பட்டணத்துக்கு ஓடவேண்டியதில்லை. போகும்போது பழைய பயாப்ஸி அறிக்கையையும் ஆபரேஷன் குறிப்பையும் கையோடு கொண்டுபோக வேண்டும். எக்கோ எடுத்து இருதயம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டால் திருப்தியோடு பஸ் ஏறிவிடக் கூடாது. இடுப்புக்குழியிலிருந்து உதரவிதானம் வரை சிரைகளைக் காட்டும் சி.டி. ஸ்கேனையும் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டி மறுபடி முளைப்பதாயின், முதலில் முளைக்கும் இடம் அங்கேதான்.